எண்களில் அடங்கிய குரல்

தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கைக்கு அழுகை வரவில்லை. அவளுடைய வேலைதான் ஞாபகம் வந்தது. சின்னக் கருவிகளுக்குள் வைக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதுகிறவள் அவள். பொத்தானை அமுக்கினால் அண்ணனின் சொந்தக் குரலிலேயே பேசும் பெட்டி ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தாள்.

அறுவைக்கு முன்னால், வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அவரை மைக் முன் உட்காரவைத்தாள். "தண்ணி வேணும்", "வலிக்குது", "வேண்டாம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் மைக் ஓடுவதை மறந்து, "ஏம்மா, இங்க வாயேன், கண்ணாடியக் காணோம்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். கண்ணாடி அவர் நெற்றிமேல்தான் இருந்தது. அதுவும் பதிவாகிவிட்டது.

பெட்டிக்குள் வைக்கும் சிப்பில் ஒலிக்கோப்புகளைத் தனியாக வைக்க வழியில்லை. எல்லாம் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கென்று ஸ்கிரிப்ட் என்கிற சின்ன உதவி நிரல் ஒன்றை எழுதினாள். அது ஒவ்வொரு கோப்பையும் பைட் பைட்டாகப் படித்து, எண்களாக்கி, இடையிடையே காற்புள்ளி போட்டு, நிரலில் சேர்க்கும்படி நீண்ட வரிசையாக எழுதித் தந்தது. திரை முழுக்க எண்கள். வலி எது, தண்ணீர் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அறுவை முடிந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். சிப்பில் இடம் போதவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியிடம் போய்ச் சொன்னாள். "அண்ணி, அந்தக் கண்ணாடிப் பேச்சுதான் ரொம்ப நீளம். அத எடுத்துட்டா மத்ததெல்லாம் உள்ள போயிடும்."

"மத்ததெல்லாம் உன் மைக்குக்குச் சொன்னது," என்றார் அண்ணி. "அது ஒண்ணுதான் என்னைக் கூப்பிட்டது. அதுல கை வைக்காத."

"அப்படின்னா எல்லாத்தையும் தரம் குறைக்கணும். குரல் கரகரன்னு இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

ஒலியின் தரத்தைப் பாதியாக்கி ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். வரிசைகள் சுருங்கின, எல்லாம் அடங்கின. கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தாலும், அண்ணன்தான் அது.

வீடு திரும்பியதும் பெட்டியை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பேச்சு இருந்த கடைசிப் பொத்தானை அமுக்கினார்.

"இருங்க, வர்றேன்!" என்று சமையலறையிலிருந்து அண்ணி பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். பிறகு பாத்திரச் சத்தம் நின்றுபோனது. நெடுநேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்க்கலாமா என்று தங்கை எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

முகம் கழுவிய ஈரத்தோடு அண்ணி வந்தார். "என்ன வேணும்?"

ஒன்றுமில்லை என்று அண்ணன் தலையாட்டினார். அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.