நாலாவது டிவி

மதிவதனிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. வலங்கைமானில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் மணமேடைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்தவள், ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கீழே ஓடுவதும், வயரைத் தொட்டுப் பார்ப்பதும், மறுபடி மூச்சிரைக்க மேலே ஏறுவதுமாக இருந்தாள். வேலை என்னவோ சின்ன வேலைதான். கேமரா பிடிக்கிற படம் அவளுடைய லேப்டாப்புக்கு வரும். லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு வயர், உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்குப் போகும். ஸ்பிளிட்டர் என்பார்கள். ஒரு படத்தை நாலாக்கி நாலு திரைக்கு அனுப்பும். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை, வாசல் பந்தலில் ஒரு டிவி, கீழே பந்தி நடக்கிற கூடத்தில் ஒன்று. நாலாவதுதான் வம்பு பிடித்தது.

அது பந்திக்கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் அடுக்கும் அறையில் இருந்தது. அதைப் பார்க்க ஒரே ஒரு ஆள். பெண்ணைப் பெற்ற காத்தாயி.

காத்தாயியின் புருஷன் செத்து ஆறு வருஷம். தாலியறுத்தவள் தாலி கட்டுகிற நேரத்தில் எதிரே நிற்கக் கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மகளை நர்சிங் படிக்க வைத்தவளுக்கு, அந்த மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க மட்டும் லாயக்கில்லை. என்ன நியாயமோ, போங்கள்!

மணப்பெண் செம்மொழிதான் முந்தின வாரம் போன் செய்தாள். எவ்வளவு கெஞ்சியும் அம்மா மேடைப் பக்கம் வரமாட்டேன் என்கிறது, அது இருக்கிற இடத்தில் ஒரு டிவியாவது வையுங்கள் என்று அழுதாள். மதிவதனி தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய டிவியைத் துடைத்து எடுத்து வந்துவிட்டாள். மாட்டி முடித்ததும் காத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இதுவே போதும் தங்கச்சி. எங்கேருந்தா என்ன, கண்ணுல பட்டா சரி."

மதிவதனியின் கல்யாணத்திலும் அவளைப் பெற்றவள் அடுப்படியில்தான் நின்றாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை நாலு மாதம் கழித்து ஆல்பத்தில் பார்த்தாள்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. குறுவை அறுப்புக்கு மெஷின் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது, உடனே வயலுக்குக் கிளம்பணும் என்று உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் கீழே டிபனுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். டிவி இருக்கிற தைரியம். கொடுத்த அட்சதையை இலையோரம் வைத்துக்கொண்டு, தாலி கட்டும்போது டிவி மேலேயே போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, மற்றவர்களும் பொங்கலை மென்றபடி ஆமாம் போட்டார்கள்.

அப்போது ரெத்தினம் வந்தார். செம்மொழியின் தாய்மாமன், காத்தாயியின் கூடப்பிறந்த அண்ணன். கல்யாணத்தை எடுத்துச் செய்கிறவர் அவர்தான். பெரிய திரையைக் காட்டி, பொண்ணு முகம் மாவு பூசினாற்போல் மங்கலாக இருக்கிறதே என்றார்.

மதிவதனி உள்ளதைச் சொன்னாள். அந்தப் பெட்டி நாலு டிவியையும் விசாரித்து, நாலில் எது நோஞ்சானோ அதற்கு ஏற்ற படத்தைத்தான் எல்லாவற்றுக்கும் கொடுக்கும். கீழே இருக்கிற பழைய டிவிக்குத் தெளிவான படம் வாங்கத் தெம்பில்லை. அதனால் மற்ற மூன்றும் அதன் அளவுக்கு இறங்கிவிட்டன. சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப அதைப் புடுங்கிடும்மா. சீர்காழிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அத்தனை பேரு வந்து உக்காந்திருக்காங்க."

"அண்ணே, அது உங்க தங்கச்சி பாக்குற டிவி."

ரெத்தினம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் சம்பந்தி வீடு என்றால் பயம்.

"அது ஆல்பத்துல பாத்துக்கும்."

ஐப்பசியில் தன் மகள் கல்யாணத்துக்கும் அவள்தான் திரை போடணும், பார்த்துச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதிவதனி நாலாவது வயரில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். டிவி வைத்தது புண்ணியம் என்றல்லவா நினைத்திருந்தாள்? டிவி இருக்கிறதே, இனி அவள் எதற்கு மேலே வரணும் என்று ஊருக்கே நிம்மதி. அந்த நிம்மதியைச் சுமந்து வந்து மாட்டியவள் தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது. நாலாவது வயரை விட்டுவிட்டு, பெட்டிக்குக் கரண்ட் போகிற வயரைப் பிடுங்கினாள்.

நாலு திரையும் இருண்டன.

கீழே கூச்சல் கிளம்பியது. சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஜனம் படியேறத் தொடங்கியது. ரெத்தினம் ஓடி வந்து சத்தம் போட்டார். பெட்டி சூடாகிவிட்டது அண்ணே என்று மதிவதனி கூசாமல் பொய் சொன்னாள். கண் மட்டும் படிவாசலில் இருந்தது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகச் சுற்றியது. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். காத்தாயியைக் காணோம்.

தட்டு மேடைக்குத் திரும்பியது. கண்ணுல பட்டா சரி என்றாளே, அதையும் கெடுத்தேனே பாவி! மதிவதனி வயரைச் சொருகப் போனாள். ஆனால் பெட்டி விழித்து, நாலு டிவியையும் விசாரித்துப் படம் கொடுக்கக் கால் நிமிடமாவது ஆகும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். கெட்டிமேளம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்து நின்றாள் காத்தாயி. ஒரு கை ஈரம் காயவில்லை, மறுகையில் அட்சதை. ரெத்தினம் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். நீ எதற்கு இங்கே வந்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

காத்தாயி அவரைப் பார்க்கவில்லை. கண் மகள் கழுத்தில் இருந்தது.

"டிவி நின்னுபோச்சுண்ணே," என்று சொல்லிவிட்டு அட்சதையைப் போட்டாள்.