உடம்புக்குள் ஒரு தகடு

இஸ்திரிப்பெட்டியை ஓங்கும்போது சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எலும்பு முறிந்த வலிகூடப் பெரியவளுக்கு மறந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் மறக்கவில்லை.

மனச்சோர்வு என்று மாத்திரை ஆரம்பித்த புதிது அது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தங்கை திடீரென்று எழுந்தாள். தூக்கத்தை மறந்தாள். அலமாரியைக் கவிழ்த்து, இருந்த துணியையெல்லாம் தேய்க்கத் தொடங்கினாள். “கொஞ்ச நேரம் படுடி” என்று அக்கா சொன்னதுதான் குற்றம்.

படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று பெரியவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். சின்னவள் மாத்திரையை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் மறுபடி படுக்கையில் சரிந்தாள்.

இப்போது புது டாக்டரம்மா. “சந்தோஷம் தலைக்கேறி ஆடின நாள் உண்டா? ஆத்திரம்?” என்று முதல் நாளே கேட்டார்.

“ஐயோ, பரம சாது டாக்டர்” என்று பெரியவள் முந்திக்கொண்டாள்.

சொன்னால் தங்கையைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்ற பயம். அதைவிட, காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்ற ஆசை. மனச்சோர்வுக்காரர்களையும், சோர்வும் வெறியும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்காரர்களையும் ஒப்பிடும் மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று நடக்கிறது, சேருகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டதும் அதனால்தான் உடனே தலையாட்டினாள். படம் சொல்லட்டும். தன் வாய் எதற்கு?

ஸ்கேன் அறை வாசலில் சின்னவள் அக்காவின் மணிக்கட்டை விடவே இல்லை. “உள்ள கோவ மூஞ்சிப் படமா காட்டுவாங்களாம். அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மெஷின்? உன் மூஞ்சி போதாதா?”

“வாயை மூடுடி.” பெரியவள் டாக்டரம்மாவிடம் திரும்பினாள். “படத்துல எந்த நோய்னு தெரிஞ்சிடும்ல?”

“ஒருத்தர் படத்தை வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. நிறைய பேரோடதைச் சேர்த்துப் பார்த்தாதான் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியுது. இவங்களுக்கு எதுன்னு முடிவு பண்ண, வீட்ல நீங்க பார்த்ததுதான் எனக்குக் கண்ணு. நீங்க சொன்னதை வச்சு, முன்ன சாப்பிட்ட அதே வகை மனச்சோர்வு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டித் தரலாம்னு இருக்கேன்.”

அந்த மாத்திரை ஆரம்பித்த புதிதில்தான் தங்கை இஸ்திரிப்பெட்டியை ஓங்கினாள்.

“அக்கா வந்தாத்தான் நான் உள்ள போவேன்” என்றாள் சின்னவள்.

ஸ்கேன்காரர் பெருமூச்சு விட்டார். “அப்போ உங்களையும் கேக்கணும்மா. காந்தம் இழுக்கும். உடம்புக்குள்ள தகடு, கம்பி, ஏதாவது?”

“இந்தக் கையில தகடு இருக்கு.”

“எப்படி ஆச்சு?”

மணிக்கட்டில் பிடி இறுகியது. “படிக்கட்டுல விழுந்தா” என்றாள் சின்னவள்.

அன்று அவள் குறிவைத்தது கையை அல்ல, தலையை. கை நடுவில் வந்தது. இத்தனை நாள் இதைத் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“விழல டாக்டர். இஸ்திரிப்பெட்டி. இவதான்.”

சின்னவள் கையில் அக்காவின் முடி கொத்தாகச் சிக்கியது. நெற்றி கதவு நிலையில் மோதியது, மறுபடியும் மோதியது. “துரோகி! என்னை அடைச்சு வைக்கப் பாக்குறியா?” தோளில் பல் இறங்கியது. வாயில் ரத்தம் கரிக்க, பெரியவள் நிறுத்தாமல் பேசினாள். “மாத்திரை ஆரம்பிச்சதும்தான் டாக்டர்… தூங்கவே இல்ல… சிரிச்சிட்டே அடிச்சா…”

இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள். சின்னவளின் கழுத்தில் நான்கு கீறல்கள் சிவந்திருந்தன. பெரியவள் தன் நகங்களைப் பார்த்தாள்; உள்ளே தங்கையின் தோல். வலிக்கட்டும் என்று நினைத்தே கீறியிருந்தாள். அதில் ஒரு சுகமும் இருந்திருந்தது.

“இன்னைக்கு ஸ்கேன் வேணாம். அந்த மாத்திரையும் வேணாம், இது வெறும் மனச்சோர்வா இல்லாம இருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. “முதல்ல இருந்து பேசுவோம். ஒண்ணு விடாம சொல்லுங்க.”

தரையில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்தவளின் குரல் சின்னதாகிவிட்டது. “அக்கா, விட்டுட்டுப் போயிடுவியா?”

“போகல” என்று அவளருகே தரையில் உட்கார்ந்தாள் பெரியவள், கை எட்டாத தூரத்தில்.