சவேரியாரின் தலை

என் கணவன் லாம்பர்ட் டயாலிசிஸை நிறுத்தப் போவதாகச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் மசியவில்லை. அவனுடைய தங்கை வெர்னா அழுதாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெர்னாதான் வண்டி ஓட்டினாள்.

"அண்ணே, இன்னைக்கு நீ சவேரியார் தலையத் தூக்கு," என்றாள். "தூக்கிட்டேன்னா நீ உசுரோட இருக்கணும்னு அவரே சொல்றாருன்னு அர்த்தம். மறுபேச்சு பேசாம நாளைக்குப் போயி ஊசி குத்திக்கணும்."

"வரலன்னா?"

"வரலன்னா உன் இஷ்டம். நான் வாயே திறக்கல."

"நீ வாயத் திறக்காம இருந்தா அதுவே பெரிய புதுமைதான். சரி," என்றான் லாம்பர்ட்.

இத்தனை சுலபமாக எதற்கும் தலையாட்டுகிற ஆள் இல்லை அவன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஸ்பெயின் பாதிரிமார் அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் ஓதாம் சனத்தை மண் சுமக்க வைத்துக் கட்டிய கோயில் அது. பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல வாசலில் நின்று வெள்ளைச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேலை உள்ளே, பக்கத்துப் பீடத்தில் மல்லாந்து படுத்திருக்கும் சவேரியாரிடம். மரச் சுரூபம். கழுத்து வரை போர்வை. போர்வை முழுக்க நோயாளிகளின் போட்டோக்களைக் குத்தி வைத்திருப்பார்கள். கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைத் தூக்க வேண்டும். மனசில் கள்ளம் இல்லாதவனுக்குப் பூ மாதிரி வரும், மற்றவனுக்குப் பாறை.

எங்களுக்கு முன்னால் ஒரு தொப்பிக்காரன் முக்கிப் பார்த்தான். தலை அசையவில்லை. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றாள் அவன் பெண்டாட்டி. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

லாம்பர்ட் முறை வந்தது. வெர்னா கால்மாட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் குனிந்து கையைக் கொடுத்தான். நான் அவன் பக்கத்தில் நின்றேன். ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கினாலே அவன் கையில் நரம்பு புடைக்கும். இப்போது ஒரு நரம்பும் புடைக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழே வைத்த மாதிரி கையைச் சும்மா வைத்திருந்தான்.

"வரல," என்றான்.

வெர்னா கண்ணைத் திறந்தாள். "இன்னொரு தடவ பாரு."

"வரலம்மா. கல்லு மாதிரி இருக்கு."

அவள் முகம் கோணிக்கொண்டது. ஆனாலும் விட்டுவிடவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நோயாளிக்குப் பதிலா பொண்டாட்டி தூக்கலாம். எங்கம்மா தூக்கியிருக்காங்க. நீங்க தூக்குங்க. உங்களுக்கு என்னைக்கும் வருமே."

வரும்தான். லாம்பர்ட் நகர்ந்து வழி விட்டான். என்னைப் பார்க்கவில்லை. அவன் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. கெஞ்சவும் தெரியாத மனுஷன்.

குனிந்தேன். போர்வைக்குள் என் கை போனதும் தலை லேசாக எழும்பியது. நான் தூக்கக்கூட இல்லை, அதுவாகவே வந்தது. என் தோள் மறைத்ததால் வெர்னாவுக்குத் தெரிந்திருக்காது.

மெதுவாகத் திரும்பப் படுக்க வைத்தேன்.

"வரல, வெர்னா," என்றேன்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை பேசாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

முற்றத்துக் கொட்டகையில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார்கள். லாம்பர்ட் பயறும் பாலாடைக்கட்டியும் போட்டு ஒன்று கேட்டான். டயாலிசிஸ்காரனுக்கு இரண்டும் ஆகாது. இத்தனை வருஷமாக அவன் கையிலிருந்து இப்படி எதையாவது பிடுங்குவதுதான் என் வேலை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முதல் வாய் கடித்தான்.

"உப்பு போதுமா?" என்று கேட்டேன்.