சதுரப் பட்டன்

மிக்கேலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் தேனிக்கு டயாலிசிஸ் ஓட்டம். எட்டாவது மாதத்தில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது.

"அண்ணே, அந்தப் பழைய புட்பால் கேமை ஒருக்கா ஆடணும்ணே."

கேம் பெட்டி செத்துப் பத்து வருடம் ஆகிறது. அண்ணன் ஆண்டனி ராஜ் லேப்டாப்பில் பழைய கேம்களை ஓட்டுகிற எமுலேட்டர் ஏற்றினான். புது ஜாய்ஸ்டிக் வாங்கி வருகிறேன் என்றதற்கு மிக்கேல் மசியவில்லை. பழைய இரண்டையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லிக் கொடுத்தான்.

"இதுலதான் ஆடணும். லேப்டாப்புல சொருகுற மாதிரி வயரை மட்டும் மாத்திக் கொண்டா."

ஆண்டனி தம்பியின் ஜாய்ஸ்டிக்கைப் பைக்கு அடியில் தள்ளி மூடினான்.

அந்தக் காலத்தில் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிக்க வீட்டிலிருந்து ஒருத்தன் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஆட்டம். தோற்றவன் முதுகில் மருந்து டேங்க். ஆண்டனிக்கு அந்த மருந்து வாடையே ஆகாது. தம்பியின் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, கோல் அடிக்கிற சதுரப் பட்டனுக்கு அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டான். பட்டன் முழுசாகச் சாகாது. நகம் வெளுக்க அழுத்தினால் நாலில் ஒருதரம் வேலை செய்யும். "கட்டைவிரல்ல தெம்பு இல்லலே உனக்கு" என்று கேலி வேறு. அப்படி ஆடிய ஆறு வருடமும் மிக்கேல்தான் மருந்தடித்தான், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. மருந்தடிக்கிற வேலையா என்று டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டபோது, ஆண்டனி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியும் ஒரு அண்ணன்.

கம்பம் பஜாரில் வயர் மாற்றிய கையோடு ஒரு திருப்புளியும் வாங்கித் தம்பியின் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தான். டேப்பை உரித்துச் சாக்கடையில் போட்டான். இனித் தம்பி ஜெயிக்கட்டும். வெட்கங்கெட்ட மனசுக்கு, பாவம் தீர்ந்த மாதிரி நிம்மதிகூட வந்தது.

ஆனால் மிக்கேல் ஜெயிக்கவில்லை. பட்டன் எவ்வளவு நேரம் அமுங்குகிறதோ அவ்வளவு உயரம் போகும் பந்து. அவனோ பழைய பழக்கத்தில் நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தான். அடித்ததெல்லாம் கோலுக்கு மேலே பறந்தது. ஏழாவது பந்தும் அப்படியே போனதும் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தான்.

"எப்பண்ணே எடுத்த?"

"எதைடா?"

"டேப்பை."

ஆண்டனி தன் ஜாய்ஸ்டிக்கின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்ச வாரம் பொழுது போகாம, பரண்ல கெடந்த இதை எடுத்துத் தொறந்து பாத்தேன். பாத்துட்டு அப்படியே மூடி வச்சுட்டேன்." மிக்கேலுக்கு மூச்சு வாங்கியது. "இங்கன உக்காந்து நீயே சொல்லுவேன்னுதாண்ணே கேமே கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நீ அதையும் மறைச்சுட்டு வந்திருக்க."

"மிக்கேலு..."

"வேணாம்."

அளந்து ஊற்றிய அரை டம்ளர் தண்ணீரோடு மிக்கேலின் மனைவி அனிதா மேரி உள்ளே வந்தாள். வீட்டில் விளையாட்டுச் சத்தம் கேட்டதில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு ஜெயிச்சாக?"

மிக்கேல் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"எப்பவும் போல அண்ணன்தான்."