டிஸ்க் நூறு சதவீதம்

"மெஷின் சாகல அக்கா," என்றான் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வந்த செலோம். "எதையோ மென்னுக்கிட்டே இருக்கு."

"என்னத்த?"

"அதைத்தான் பார்க்கணும். அதுக்குள்ள முட்டை வெச்சு ஒரு வாக்கே சோறு வாங்கித் தாங்க. நானும் மெல்லணும்ல?"

திரையில் டாஸ்க் மேனேஜர். டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம், அடர் சிவப்பில். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்து யோசித்து வந்தது.

வியாழக்கிழமை. கானாவில், எங்கள் குமாசி ஊரில் சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்கு. வியாழன் என்றால் எங்களைப் போன்ற போஸ்டர்காரர்களுக்குக் கழுத்தில் கத்தி. அடும் பகுதியில் ஒற்றை அறைக் கடை எனக்கு. இறந்தவர் படத்தோடு போஸ்டர், பேனர், மண்டபத்தில் ஓட்டும் வீடியோ, எல்லாம் செய்கிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் கொனாடு மாமி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி வியாபாரி. அன்றைய வேலை அவள் புருஷனுடையது.

"டூஃபியே, என் புருஷன் மூணு மாசமா ஐஸ் பெட்டியில பொறுமையா படுத்திருக்காரு. உன் மெஷினுக்கு அவ்வளவு நேரம்கூட வேணுமா?"

"இதோ மாமி, ஆயிடும்."

"ஆகலைன்னா சொல்லு. எதிர்க் கடைக்குப் போறேன். அங்க மெஷினும் ஓடுது, ஃபேனும் ஓடுது."

நான் சிரித்து வைத்தேன். அவள் போய்விட்டால் அப்பாவும் போய்விடுவார்.

அம்போன்சா, என் அப்பா. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். பெரிய ஆஸ்பத்திரியில், குடல் அடைத்துக்கொண்டு கிடந்தார். இந்த வாரத்துக்குள் வயிற்றைத் திறந்தாக வேண்டும், முன்பணம் கட்டினால் அன்றே திறக்கிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் குலத்தார் வசூல் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வசூல் நடந்துகொண்டே இருந்தது. இன்று கொனாடு மாமி கொடுக்கப்போகும் பாக்கி கைக்கு வந்தால் நானே கட்டிவிடுவேன்.

செலோம் முதலில் அப்டேட்டை நிறுத்தினான். நூறு.

ஃபைல்களைத் தேடி அட்டவணை போடும் வேலையை நிறுத்தினான். தொண்ணூறு. அடுத்த நிமிடம் மறுபடி நூறு.

"அக்கா, ரெண்டு ஆன்டிவைரஸ் யார் போட்டது?"

"ஒண்ணு மெஷின் வித்த கடைக்காரன். இன்னொண்ணு எங்க சர்ச் பாஸ்டர் மகன். ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?"

"ஒரே வாசல்ல ரெண்டு காவல்காரன். ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு துரத்திக்கிட்டு இருக்கான்." ஒன்றைக் கழற்றி எறிந்தான். எண்பது. நான் மூச்சு விடுவதற்குள் நூறு.

டிஸ்க்கே பழுதோ என்று சோதித்தான். "டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு. வேற யாரோ வேலை வாங்குறாங்க." தலையைச் சொறிந்தான். "டேட்டாவும் சீக்கிரம் தீருதா?"

"ஆமா. ஒரு வாரமா."

"அப்படிச் சொல்லுங்க!"

டிஸ்க் என்ற தலைப்பில் கிளிக் செய்தான். அதிகம் தின்பவன் மேலே ஏறி வந்தான். எங்கள் பொது ஃபோல்டர்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. ஆகவே எந்த வேலையையும், அரைகுறையாக இருந்தாலும், பொது ஃபோல்டரில்தான் சேமிக்க வேண்டும். என் மெஷினில் இருப்பது போவாடுவின் மெஷினுக்குப் போகும். அவனுடையது இங்கே வரும். போவாடு என் அப்பாவின் தங்கை மகன். வீட்டிலிருந்தே எனக்கு வீடியோ வெட்டித் தருபவன்.

"உங்க ஆளு ராட்சச வீடியோ ஒண்ணு பண்றாரு," என்றான் செலோம். "அவர் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அது முழுசா இங்க வந்து இறங்குது. பாவம் இந்தப் பழைய டிஸ்க், திணறுது. என்ன வேலை அது?"

"இந்த வாரம் அவனுக்கு நான் வீடியோ எதுவும் கொடுக்கலையே?"

திறந்தான்.

முதலில் துதிப்பாட்டு. பிறகு லாரி ஸ்டியரிங் முன்னால் அப்பா, எல்லாப் பற்களும் தெரிய. போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்த படம். 'குடும்ப குரூப்ல போடணும்கா' என்று போவாடு கேட்டு வாங்கிய படம்.

எழுத்துகள் மெல்ல மேலே வந்தன. 'புகழோடு விடைபெற்றார். வயது 83.' இறந்த தேதிக்கு மட்டும் ஒரு கோடு.

செலோம் பாட்டை அணைத்தான். "அக்கா... அப்பா எப்போ...?"

"சாகல. காலையில கஞ்சி கேட்டாரு."

"எண்பத்தி மூணா அவருக்கு?"

"அறுபத்தாறு."

அவனுக்கும் புரிந்துவிட்டது. நிறைவயதில் போனவருக்குத்தான் வெள்ளை உடுத்தி, பேண்டு வாத்தியம் வைத்துக் கொண்டாடலாம். வயதுக்கு முன்னால் போனால் சிவப்பும் கறுப்பும் கட்டி அழ வேண்டும். வீடியோ முழுக்க வெள்ளைப் பூக்கள்.

போவாடுவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஐயோ, பொது ஃபோல்டர்லயா போட்டுட்டேன்?" என்றான். "பழக்கதோஷம்கா."

"என் அப்பன் உயிரோட இருக்கான்டா!"

"நான் என்ன பண்ணட்டும்? குலத்தலைவர் சொன்னாரு. கடைசி நேரத்துல அவசரப்பட்டா வேலை சுத்தமா வராதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"வசூல் பண்ண பணம் எங்க?"

"இருக்கு. ஆனா அது ஆபரேஷனுக்கு வந்த பணம் இல்லக்கா. ஆபரேஷன்னு கேட்டப்ப ஆளாளுக்கு ஃபோனை அணைச்சுட்டாங்க. 'அம்போன்சாவை மரியாதையா அனுப்பி வைக்கணும்'னு தலைவர் ஒரு வார்த்தை சொன்னாரு, லண்டன்ல இருந்தெல்லாம் வந்து விழுந்துச்சு. அதுல கை வெச்சா சும்மா விடுவாங்களா?"

"அவர் என் அப்பாடா."

"உங்களுக்கு அப்பா. எங்களுக்குத் தாய்மாமன். எங்க ரத்தம். குலம் தாய்வழிதானே, முடிவு எங்க பக்கம். நம்ம வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

வைத்துவிட்டேன். அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியிலும் போய் அழித்தேன். இங்கே அழித்தால் அவனிடமும் அழியும். அது எங்கள் ஃபோல்டரின் குணம்.

சிவப்பு மறைந்தது. முப்பது. பன்னிரண்டு. மூன்று.

"பறக்குது பாருங்க," என்றான் செலோம்.

கொனாடு மாமியின் புருஷன் பளபளவென்று பிரிண்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தார். மாமி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு அழகா இல்ல அந்த மனுஷன்." பாக்கியைக் கொடுத்தாள். செலோமின் கூலிக்காகப் பர்ஸைத் திறந்தேன்.

"ஓடுங்கக்கா. அப்புறம் வாங்கிக்கிறேன்."

ஓடினேன். நெரிசலில் ஒரு ட்ரோட்ரோ வேனைப் பிடித்து, கடைசி வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே சொருகிக்கொண்டேன். பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன். வேன் ரவுண்டானாவில் சிக்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிடம் கண்ணுக்குத் தெரிந்தது; சக்கரம் நகரவில்லை.

ஃபோன் அடித்தது. போவாடு.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வந்துட்டேன். பணம் கையில இருக்கு. நீ அங்கதான் இருக்கியா? டாக்டர்கிட்ட சொல்லு, தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு."

ஃபோனில் அவனுக்குப் பின்னால் பெண்கள் குரல்கள் கேட்டன.

"அந்த வீடியோவை அழிச்சுட்டீங்களாக்கா? என் மெஷின்லயும் காணோம். உங்ககிட்ட காப்பி எதுவும் இருக்கா?"

"எதுக்கு?"

"இப்போ தேவைப்படுது."

பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் விட்டாள். வேன் நகரத் தொடங்கியது. கண்டக்டர் பையன் வெளியே தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கத்தினான்.

"அக்கா, கேக்குதா? சவப்பெட்டி பிள்ளைங்க பொறுப்புதானே. தேக்குல இருந்தா மரியாதையா இருக்கும்னு தலைவர் சொல்றாரு. நல்லவேளை, கையில பணம் இருக்குன்னீங்க."

"அவருக்கு வயசு அறுபத்தாறு," என்றேன். "மறுபடி பண்ணும்போதாவது சரியாப் போடு."

"அது எப்படிக்கா? வெள்ளைத் துணிக்கு முன்பணம் கொடுத்தாச்சே."