வேலை நாளில் கில்ட்

என் தங்கை இஷ்பெலின் கணவன் மர்டோவுக்கு நாற்பத்து மூன்று வயது. மார்ச் மாதம் அவனுடைய விதைகளில் ஒன்றை அறுத்து எடுத்தார்கள். புற்று. மிச்சத்துக்குப் பரவியிருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும் என்றார்கள். கால்சட்டை போட்டால் தொடை இடுக்கில் தையல் உரசியது. இஷ்பெல் அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு எடுத்த கில்ட்டை, முட்டி வரை வரும் அந்தக் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடையை, பூச்சி உருண்டை வாசத்தோடு வெளியே எடுத்து உதறினாள்.

"இதைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க. ஸ்காட்லாந்துக்காரர்தானே நீங்க?"

எங்கள் ஊர் டிங்வாலின் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, திருகாணி விற்பது மர்டோ. பெயின்ட் விற்பது நான். முதல் நாள் கடை திறக்கும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் நான் இங்க நிக்கமாட்டேன். சிரிக்கட்டும், பரவாயில்லை. 'ஐயோ பாவம்'னு ஒருத்தன் என்னைப் பார்த்தான்னா அன்னைக்கே செத்துடுவேன்."

ஊர் அவனை ஏமாற்றவில்லை. நன்றாகவே சிரித்தது.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்றார்கள் முதல் வாரம் முழுக்க. கல்யாணம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "யாரு போயிட்டாங்க?" என்றார்கள். சாவும் இல்லை, ரக்பி ஆட்டமும் இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை என்றதும் சந்தேகப்பட்டார்கள். எங்கள் தேசிய உடையை எங்கள் தேசத்தில் காரணமில்லாமல் கட்டுகிறவன் ஒன்று அரசியல்வாதி, இல்லை பைத்தியம். தனிநாடு கேட்பவர்கள் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கேட்காதவர்கள் அவனிடம் ஆணி வாங்குவதை நிறுத்தினார்கள். கட்டட வேலைப் பையன்கள், "பாவாடை எடுப்பா இருக்குண்ணே, எந்தக் கடை?" என்றார்கள். சுற்றுலா வந்த ஒரு கூட்டம் அவனை ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்திப் படம் பிடித்தது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருந்தது. கில்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? உள்ளாடை இல்லாமல் கட்டுவதுதான் மரபு என்று பேச்சு; எங்கள் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காதவன் கிடையாது. அந்த நொடியில் தானே கண்டுபிடித்ததுபோல் சிரிக்காதவனும் கிடையாது. நானே எத்தனை கல்யாணத்தில் கேட்டிருப்பேன்.

"கீழே ஷூ இருக்கு" என்பான் மர்டோ. அது வழக்கமான பதில். வழக்கமாகச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு சரக்கறைக்குள் போய் இரண்டு நிமிடம் கழித்து வருவான். நான் பெயின்ட் டப்பாக்களை நகர்த்திக்கொண்டிருப்பேன்.

இந்தச் செய்தி ரானல்ட் டல்கார்னோவின் காதுக்குப் போனது. ஓய்வுபெற்ற காப்பீட்டு மேலாளர். எங்கள் வட்டாரக் குலச் சங்கத்தின் தலைவர். இவருக்கும் மேலே மொத்தக் குலத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் கனடாவில் பல் பிடுங்குகிறார். டல்கார்னோ வருடத்துக்கு ஆறு மாலைகள் கில்ட் கட்டுவார். ஆறுக்கும் காரில் வந்து காரில் போவார். மற்ற நாளெல்லாம் தடித்த கார்டுராய் கால்சட்டை. முட்டி குளிர் தாங்காது.

கடைக்கு வந்தவர் மர்டோவைச் சுற்றி வந்தார். காலுறையின் மடிப்பு முட்டிக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும் என்றார். குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு, துணியிலிருப்பது அவன் குலத்தின் கட்டமே இல்லை என்றார். பிறகு கண் கலங்கினார்.

"இருந்தாலும் வேலை நாள்ல கட்டுறீங்களே! முன்னோர்கள் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. மே மாச விருந்துல உங்களைக் கௌரவிக்கிறோம். வரமாட்டேன்னு சொல்லக்கூடாது."

வரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். மர்டோ தலையாட்டினான்.

விருந்து ஒரு விடுதியின் மாடியில் நடந்தது. எழுபது பேர், பெரும்பாலும் வாடகைக் கில்ட்டில். ஆட்டு ஈரலும் இதயமும் அடைத்து வேகவைத்த ஹகிஸ் தட்டைக் குழலூதிக் கொண்டுவந்தார்கள். டல்கார்னோ மலையைப் பற்றிப் பேசினார், மூடுபனியைப் பற்றிப் பேசினார், இரத்தத்தைப் பற்றி மிக நீளமாகப் பேசினார். தையல் ஆறியிருந்தாலும் உரசினால் இன்னும் வலித்தது; மர்டோ நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். பரிசோதனை முடிவு வர இன்னும் நான்கு நாள். மேசைக்குக் கீழே இஷ்பெல் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேடயத்தைக் கொடுத்த டல்கார்னோ ஒலிவாங்கியை அவன் வாய்க்கருகே நீட்டிக் கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுக்க ஆசை. சங்கத்துக்கு நீங்க உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். கீழே என்ன இருக்கு?"

எழுபது பேரும் சிரிக்கத் தயாரானார்கள். ஷூ என்று சொல்லப்போகிறான் என்று நானும் பார்த்தேன். மர்டோ ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தான்.

"ஒண்ணு இருக்கு" என்றான். "மார்ச் வரைக்கும் ரெண்டு இருந்துச்சு."

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். யாரோ அவரை அடக்கினார்கள். குழல்காரர் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாற்பது வருடமாகக் காப்பீடு விற்ற டல்கார்னோ தன் ஷூவைப் பார்த்தார்.

"கேன்சர்" என்றான் மர்டோ. "கால்சட்டை உரசுது. அதனால கட்டுறேன். முன்னோர்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேடயத்துக்கு நன்றிங்க."

இறங்கி வந்தான். வழிவிட்டவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். எந்தப் பார்வைக்கு அஞ்சினானோ அதே பார்வை. ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மர்டோ தரையைப் பார்த்தபடி படியிறங்கினான்.

கீழே கோட்டு மாட்டும் இடத்தில் இஷ்பெல் அவனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். டல்கார்னோ தனியாக இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"மர்டோ, அது… முதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

"ஏன் கேக்குறீங்க?"

"என் நண்பர் ஒருத்தர். ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்காம். வலி கிடையாது. அதனால விட்டுட்டார்."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலேருந்து." அவர் தன் கில்ட்டுக்கு முன்னால் தொங்கும் தோல் பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார். "வீட்டுல கூடச் சொல்லலை. சொல்ல வெக்கமா இருக்காம்."

மர்டோ அவரை நிமிர்ந்து பார்த்தான். அன்று மாலை அவன் யார் முகத்தையாவது நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எனக்கும் வலி கிடையாதுங்க" என்றான். "திங்கட்கிழமை காலையில டாக்டர்கிட்ட உங்க நண்பரை நானே கூட்டிட்டுப் போறேன். எட்டரைக்குக் கடைக்கு வரச் சொல்லுங்க."

"வரச் சொல்றேன்" என்றார் டல்கார்னோ.