சுவருக்கும் ஒரு டியூப்

“வீட்ல எத்தனை பேரு அக்கா?”

“ரெண்டு பேரு. சுவரைச் சேர்த்தா மூணு.”

“சுவருக்கு என்ன?”

“அதுக்கும் சிரங்குதான். வந்து பாரேன்.”

வீடு வீடாகச் சிரங்கு பரிசோதனைக்குப் போன நர்ஸ், தையல்காரியோடு நடந்த இந்தப் பேச்சை ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிச் சிரிப்பாள். அன்று பூதக்கண்ணாடியோடு உள்ளே போய்ப் பார்த்தாள். சுவருக்குச் சிரங்குதான். விரலிடுக்கில் தெரிவது போலவே சுண்ணாம்பில் மெல்லிய வளைகோடுகள். கோட்டு முனையில் கறுப்புப் புள்ளி. பகலில் சும்மா இருந்த சுவர், பொழுது சாய்ந்ததும் அரிப்புத் தாங்காமல் நெளிந்து பொருக்கு உதிர்த்தது. நர்ஸ் ‘மூவர்’ என்று எழுதி மூன்று டியூப் கொடுத்தாள். மூன்றாமவரின் வயதைக் கேட்டு அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. வீடு கட்டிய வருஷத்தைக் கணக்குப் பார்த்து ‘முப்பத்து நான்கு’ என்று எழுதி அனுப்பினாள். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று டியூப் ஒழுங்காக வந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரி இருந்தாள். அந்தப் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஜாடி மூடியைத் திறந்து தரச் சொன்னவளிடம், “எதுக்கெடுத்தாலும் ஆள் வேணும் உனக்கு” என்று அவர் எரிந்து விழுந்தார். அதோடு அவள் அவரிடம் எதையும் கேட்பதை விட்டாள். வாசலைச் சுற்றி வேளாவேளைக்குச் சோறு போனது, துவைத்த சட்டை போனது, பேச்சு மட்டும் போகவில்லை. முதுகு அரித்தால் ஆளுக்கொரு பக்கம் சுவரில் தேய்த்துக்கொண்டார்கள். தொட்டால்தான் தொற்றும் என்றது நர்ஸ் கொடுத்த நோட்டீஸ்; அவர்கள் தொட்டதெல்லாம் சுவரைத்தான்.

கழுத்திலிருந்து கால்வரை, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். இரண்டு சுற்றிலும் இருவரும் ஸ்டூல் போட்டு ஏறி, ஒருவருக்கொருவர் சளைக்காமல், சுவரின் இரு பக்கமும் இண்டு இடுக்கு விடாமல் தடவினார்கள். தங்களுக்கு மட்டும் கை எட்டிய இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் சுற்றில் நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். “சுவருக்குச் சுத்தமா ஆறிடுச்சு. உங்க முதுகுதான்க்கா அப்படியே இருக்கு.”

“எனக்குக் கை எட்டுமே.”

“எட்டுற லட்சணம்தான் தெரியுதே! இந்தத் தடவையும் ஆறலைன்னா தைக்கக் கூடாதுன்னு எழுதணும். எனக்கு வேற வழியில்ல.”

ஏற்கெனவே பாதிப் பேர் துணியைத் திருப்பி வாங்கிப் போயிருந்தார்கள். அந்தத் தையல் மிஷின் ஒன்றுதான் அவள் தனக்கென்று வைத்திருந்தது.

“நீயே தடவி விட்டுட்டுப் போயேன்.”

“இன்னும் நாப்பது வீடு கிடக்குக்கா. ஏன், வீட்ல ஆள் இல்லையா?”

நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, தையல்காரி டியூபும் கையுமாகச் சுவர் முன்னால் வந்து நின்றாள். சுவர் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒதுங்கி வழிவிட்டது. அந்த வழியாக அவள் உள்ளே போனாள். கண்ணில் லென்ஸோடு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னங்க... முதுகுக்குக் கை எட்டல. கொஞ்சம் தடவி விடுறீங்களா?”